கூண்டுக்கும் ஒரு கணக்கு

கேள்வி: கடல் பொதுச்சொத்து, சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுக்கு மட்டும் உச்சவரம்பு எதற்கு?

பதில்: பொதுச்சொத்து என்பதால்தான்! ஒரு படகுக்காரர் கூண்டைக் கூட்டினால் பக்கத்துப் படகுக்காரரும் கூட்டுவார். பிடிபடுவது அதே இறால்தான். கூடுவது இரைச் செலவும் எரிபொருளும் கயிற்றுச் சிக்கலும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறரின் மீன்பிடி எல்லைக்குள் நுழைந்தவரின் கூண்டுக் கயிற்றை அறுத்துவிடுவது பழைய வழக்கம். அங்கே 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கடற்கரை 7 மண்டலங்களானது. இன்று ஆளுக்கு 800 கூண்டுதான் உச்சம். வாக்களிக்கும் மீனவரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தால், மண்டலத்தில் அதையும் குறைக்க வழியுண்டு. ‘உழைப்பவர் கையைக் கட்டலாமா?’ என்பீர்கள். பெரிய படகுக்காரருக்குக் கசக்கும்தான். ஆனால் கூண்டு குறைந்தால் ஒவ்வொன்றிலும் விழுவது கூடும். வரம்பில்லாப் போட்டியில் நிச்சய லாபம் கயிறு வியாபாரிக்கு மட்டுமே!