இழுத்துப் பார்த்தால் தெரியும்

(வில்லைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். பாதிப் பேர் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்குப் பருத்தி நூல் விலை எப்போது இறங்கும் என்று தெரிய வேண்டுமாம். அந்தக் கேள்விக்கு அம்பு எய்தும் பதில் கிடைக்காது.)

கட்டிங் மாஸ்டர், பல்லடம்

கே: ஏனுங்க, பையன் வில்வித்தை கிளாசுக்குப் போறான். 24 பவுண்ட் வில்லுன்னு சொல்றான். வாங்கிப் பார்த்தா ஒரு கிலோ கூட இருக்காது போல. ஏமாத்தறாங்களா?

ப: யாரும் ஏமாற்றவில்லை. அந்த 24 பவுண்ட், வில்லைத் தராசில் வைத்துச் சொன்ன கணக்கு இல்லைங்க. நாணை 28 அங்குலம் இழுத்து நிறுத்தும்போது விரல்களுக்கு வந்து சேரும் இழுவை, ஏறக்குறைய 11 கிலோ. மூங்கில் வில் அரைக் கிலோதான் தேறும், ஆனால் இழுக்கிறவரிடம் 40 பவுண்ட் கேட்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பையன் 28 அங்குலம் இழுக்கவே மாட்டான். அவன் இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து இன்னொரு நடுவிரல் நுனி வரை அளந்து, இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். இன்ச் டேப் உங்கள் கழுத்திலேயே கிடக்குமே! 140 சென்டிமீட்டர் வந்தால் இழுக்கும் நீளம் 56 சென்டிமீட்டர், அதாவது 22 அங்குலம். அந்த நீளத்தில் 24 பவுண்ட் வில் 17 பவுண்ட் அளவுக்குத்தான் எதிர்க்கும். வில்லில் எழுதியிருப்பது வில்லின் கணக்கு. அவன் இழுப்பது அவன் கையின் கணக்கு.

பவர் டேபிள் டெய்லர், பெருமாநல்லூர்

கே: என் தம்பி 45 பவுண்ட் இழுக்கறேன்னு வீட்டையே இரண்டாக்கறான். கணக்குப் போட்டா 20 கிலோதான் வருது. ரேஷன் அரிசியை மாடிக்குத் தூக்கிட்டுப் போறவ நான். இது ஒரு பெருமையாங்க?

ப: ஆற்றலாகப் பார்த்தால் பெருமையே இல்லை. 45 பவுண்ட் வில்லை முழுசாக இழுக்கும்போது அதில் சேர்கிற ஆற்றல் சுமார் 50 ஜூல். 5 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கினால் அவ்வளவுதான்.

ஆனால் அரிசியைத் தூக்கும்போது தொடையும் இடுப்பும் துணைக்கு வரும். இங்கே 20 கிலோவும் மூன்று விரல்களின் முதல் கணுவில் உட்காரும். அங்கிருந்து முழங்கை வழியாக இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைக்குப் போகும். அந்தத் தசை அங்கே இருப்பதே முதல் வாரம் வலிக்கும்போதுதான் நமக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் புஜத்தால் இழுப்பார்கள், பத்தாவது அம்பில் கை ஆட்டம் காணும். பழகியவர்கள் முதுகால் இழுப்பார்கள். இழுப்பதோடு முடிந்துவிடுவதும் இல்லை. குறி பார்க்கும் சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும், சுமை அங்கேதான் ஏறும்.

ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஒருவர் எய்வது 72 அம்புகள். உங்கள் தம்பி கணக்குக்கு அது கிட்டத்தட்ட 1,450 கிலோ இழுவை, அதுவும் வெயிலில். இதை நான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள், வீடு மூன்றாகிவிடும்.

செக்கிங் பிரிவு இளைஞர், காங்கயம்

கே: ஆம்பளைன்னா எத்தனை பவுண்ட் இழுக்கணும்?

ப: கை நடுங்காத பவுண்ட்.

நிட்டிங் மெஷின் ஆபரேட்டர், ஊத்துக்குளி

கே: ஃபிரண்டோட மூங்கில் வில்லும் 40 பவுண்ட், கிளப்புல இருக்கற வளைமுனை வில்லும் 40 பவுண்ட். ரெண்டையும் இழுத்தேன். மூங்கில் கடைசியில் ஆளையே தள்ளுது. எண் பொய்யா?

ப: எண் உண்மைதான், ஆனால் அது முடிவில் நிற்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. வழியெல்லாம் என்ன நடந்தது என்று சொல்வதில்லை. நேரான மூங்கில் வில் தொடக்கத்தில் சாதுவாக வரும். அங்குலத்துக்கு அங்குலம் ஏறிக்கொண்டே போய், வில் குட்டையாக இருந்தால் கடைசி இரண்டு அங்குலத்தில் சுவரில் முட்டினது போல எகிறும். நாணுக்கும் வில் முனைக்கும் இடையிலுள்ள கோணம் செங்குத்தை நெருங்கும்போது, முனையை வளைப்பதற்குப் பதில் நீட்டிப் பிடித்து இழுக்கிறீர்கள். மரம் அதற்கு மசியாது.

முனை வெளிப்பக்கம் வளைந்த வில்லில் கதையே வேறு. ஆரம்பத்திலேயே முறைக்கும். நடுவில் சமாதானமாகி, முடிவில் மெதுவாக ஏறும். குறி பார்த்து நிற்க அதுதான் தோது. துருக்கியர், மங்கோலியர், கொரியர் எல்லோரும் கொம்பையும் தசைநாரையும் மரத்தோடு ஒட்டி வளைமுனை வில் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். குதிரை மேல் நீள வில் தோதுப்படாது, குட்டை வில்லோ கடைசியில் எகிறக் கூடாது.

இந்த அவஸ்தை நம் தேசியப் போட்டிகளிலும் உண்டு. ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற பிரிவில் மூங்கில் வில்தான். குறிக்கருவி கிடையாது, 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்ய வேண்டும். என்னைக் கேட்டால் பார்க்க அழகான ஆட்டம் அதுதான்.

நூல் வியாபாரி, திருப்பூர்

கே: நம்ம 30-ஆம் கவுண்ட் பருத்தி நூல்ல நாண் திரிக்க முடியுமா?

ப: வியாபாரி கேள்வி! ஒரு இழை 30-ஆம் கவுண்ட் நூல் சுமார் 300 கிராம் தாங்கும். 40 பவுண்ட் வில்லின் நாண் குறைந்தது நான்கு மடங்காவது தாங்க வேண்டும் என்பது கைக்கணக்கு. அதாவது 73 கிலோ. கணக்குப்படி 240-க்கு மேற்பட்ட இழை. எல்லா இழையும் ஒரே சீராகச் சுமையை வாங்காது என்பதால் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பனியன் நூலை முறுக்குக் குறைத்துத்தான் நூற்கிறார்கள். உடம்புக்கு மெத்தென்று இருக்கும், நாணுக்கு அது ஆகாது.

இப்போது நாணுக்குப் போடும் பாலியெஸ்டர் இழை ஒன்றே சுமார் 50 பவுண்ட் தாங்கும். ஒரு டஜன் போதும். அதைவிடப் பலமான, நீளவே நீளாத இழைகளும் வந்துவிட்டன, ஆனால் மர வில்லில் மாட்டினால் அதிர்ச்சி முழுவதையும் வில் முனை வாங்கிப் பிளந்துபோகும். மர வில்லுக்குக் கொஞ்சம் இளகும் நாண்தான் நல்லது.

அந்தக் காலத்தில் மருள் நாரில் நாண் திரித்தார்கள். அதன் அந்நிய உறவுக்காரச் செடியைத்தான் உங்கள் பனியன் கம்பெனி வரவேற்பறையில் வரிவரியாக, காற்றைச் சுத்தம் செய்யும் என்று தொட்டியில் வைத்திருக்கிறார்கள்.

பள்ளி ஆசிரியை, அவிநாசி

கே: திருமுருகன்பூண்டியில் சுந்தரரை வழிமறித்த வேடுவர்களின் வில் எத்தனை பவுண்ட் இருக்கும்?

ப: சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னைப் பறித்தவர்கள் வேடம் போட்ட சிவகணங்கள் என்பது தலபுராணம். அவர்கள் வில்லைத் தொங்கவிட்டு அளக்கத் தராசு கிடையாது. மனித வேடரைப் பற்றிச் சொல்லலாம். இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்சம் 35, 40 பவுண்ட் வில் வேண்டும் என்று சட்டம். இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையையே தடுத்துவிட்டது. வழிப்பறிக்கு மட்டும் பவுண்ட் கணக்கே தேவையில்லை. நாணேற்றிக் காட்டினால் போதும், சுந்தரருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பறிகொடுத்த கோபத்தில் அவர் திட்டியது சிவனைத்தான், வேடரை அல்ல.

கல்லூரி மாணவர், தாராபுரம்

கே: சேரர் கொடியிலேயே வில். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த காசிலும் வில். கொல்லிமலை ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைச் சாய்த்தான். முடியுமா?

ப: பாடியவர் வன்பரணர், புறநானூற்றில் இருக்கிறது. பரிசில் பெற்ற புலவரின் வாக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும். திருப்பூர்க்காரருக்குத் தள்ளுபடியைச் சொல்லித்தர வேண்டுமா?

ஆனாலும் அந்தக்கால வில்லை லேசாக நினைத்துவிடாதீர்கள். 1545-இல் மூழ்கிய இங்கிலாந்தின் ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலை 1982-இல் தூக்கினார்கள். அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நீள வில்கள் கிடைத்தன. அதேபோல் செய்து இழுத்துப் பார்த்தும் கணக்கிட்டும் சொன்ன இழுவை 100 முதல் 185 பவுண்ட் வரை. இன்றைய ஒலிம்பிக் வீரரின் வில்லைப்போல் மூன்று மடங்கு. அதோடு கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள் எலும்பின் முனை ஒட்டாமலே இருந்தது. சிறு வயதிலிருந்து கனமான வில்லை இழுத்ததன் தழும்பு அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வில்லை ஒரே நாளில் யாரும் எடுத்துவிடவில்லை. பையன் வளர வளர வில்லும் கனத்தது.

ஓரிக்கு ஐந்தை விட்டுத்தள்ளுங்கள், ஒரு யானையே போதும். ஆடி 17, 18-இல் கொல்லிமலையில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடக்கும். போய்ப் பாருங்கள், யானை இருக்காது.

ஓவர்லாக் டெய்லர், பாண்டியன் நகர்

கே: ஒன்றரை ஷிப்ட் குனிஞ்சே தைக்கறேன். தோள் வலி. வில் பழகினா சரியாகுமா?

ப: வலி இருக்கும்போது வில் வேண்டாம், முதலில் மருத்துவர். அவர் சரி என்றால் ரப்பர் பட்டையை இழுத்துத் தொடங்கி, 16, 18 பவுண்ட் வில்லுக்கு வாருங்கள். முழுசாக இழுத்துப் பத்து நொடி ஆடாமல் நிற்க முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். முடியாவிட்டால் வாங்கிய வில்லிலேயே இருங்கள். கடைக்காரர் ‘போகப்போகப் பழகிடும்’ என்பார். செருப்பு வேண்டுமானால் அப்படிப் பழகும்.

தாத்தா பெயரைச் சொல்லும் பேரன், மங்கலம்

கே: எங்க தாத்தாவும் வில் வச்சிருந்தார். பஞ்சு அடிக்கற வில்.

ப: பனியனுக்கு முந்தைய திருப்பூர் பருத்திச் சந்தையும் ஜின்னிங் மில்லுமாக இருந்த ஊர். மில் கைவைக்காத பஞ்சுக்கு அந்த வில்தான். அதை யாரும் இழுத்துப் பிடிப்பதில்லை, நாணை மரக்கட்டையால் அடித்து அதிரவைப்பார்கள். அந்த அதிர்வில் பஞ்சு பிரிந்து பறக்கும். அந்த வில்லின் பாரமே பெரும்பாரம், அதனால் சிலர் கயிற்றில் தொங்கவிட்டு அடிப்பார்கள். பவுண்ட் கணக்கில்லாமல் குடும்பத்துக்கே சோறு போட்ட வில் அது.

மெர்ச்சண்டைசர், திருப்பூர்

கே: ஏகலைவன் கட்டை விரல் இல்லாமல் எப்படி எய்தான்?

ப: கட்டை விரலால் நாணைக் கொக்கிபோட்டு இழுப்பது ஆசியாவில் பரவலான முறை, அதற்கென மோதிரமே உண்டு. ஒலிம்பிக்கில் காண்பது மூன்று விரல் முறை, அதில் கட்டை விரலுக்கு வேலையே இல்லை. விரல் போன பிறகு மீதி விரல்களால் எய்தான், பழைய வேகம் மட்டும் வரவில்லை என்கிறது மகாபாரதம். துரோணர் கேட்டது பீஸை அல்ல, கட்டை விரலை. இன்றைய கோச்சிங் சென்டர்கள் எவ்வளவோ மேல்.

அதே மெர்ச்சண்டைசர்

கே: முழுசா இழுத்த பிறகு பாரம் குறையற வில்லும் இருக்காமே?

ப: காம்பவுண்ட் வில். போட்டியில் 60 பவுண்ட் வரை அனுமதி. முனையிலுள்ள சக்கரம் சுழன்றதும் கையில் நிற்பது அதில் கால் பங்கோ அதற்கும் கீழோதான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக நுழைகிறது. மூங்கில் வில்காரர்கள் அதை வில் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

பெயர் வேண்டாம் என்றவர், வீரபாண்டி

கே: அம்பு வைக்காமல் சும்மா இழுத்து விட்டால் என்ன ஆகும்?

ப: அம்பு சுமந்து போக வேண்டிய 50 ஜூலும் வில்லுக்கே திரும்பும். மர வில் விரிசல் விடும், சில சமயம் உடைந்தே போகும். மிதிலையில் வில் உடைந்ததும் கல்யாணம் நடந்தது. கிளப்பில் வில் உடைந்தால் பில் வரும்.