ஒற்றை ஆள் பொதுமக்கள்

பட்ஜெட் தினத்தன்று தோசை மாவு வாங்கத் தெருமுனைக்குப் போனேன். மீதிச் சில்லறைக்குக் கை நீட்டிய நேரம், மூக்குக்கு நேரே ஒரு மைக் முளைத்தது. "சார், பட்ஜெட் பத்தி ஒரு பைட்!"

பட்ஜெட்டில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. மாவு பாக்கெட் விலை ஏறியிருப்பது மட்டும் தெரியும். ஆனால் கேமராவைக் கண்டதும் நாக்கு என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. "வரவேற்கத்தக்க அம்சங்கள் இருக்கு. அதே சமயம் நடுத்தர மக்கள் எதிர்பார்த்தது..." என்று 40 நொடி. எதை ஆதரித்தேன், எதை எதிர்த்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இரவுச் செய்தியில் வந்தேன். மாவு பாக்கெட்டை நிதிநிலை அறிக்கை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தேன். பெயர் போடும் பட்டையில் 'பொதுமக்கள்' என்றிருந்தது. "வீட்டுல ஒரு ஆளா இருந்தே ஒரு வேலை நடக்கல. அங்க போய் மக்களாயிட்டீங்களா?" என்றாள் மனைவி.

மானத்தைக் காப்பாற்ற கய் கோமாவைத் துணைக்கு அழைத்தேன். 2006 மே 8. காங்கோவிலிருந்து வந்த அவர், கணினிப் பிரிவு வேலைக்கான நேர்காணலுக்காக லண்டன் பிபிசியில் காத்திருந்தார். பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் கோர், ஆப்பிள் கணினி நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கில் அன்று தீர்ப்பு. அதைப் பற்றிப் பேசவேண்டிய பத்திரிகையாளர் கய் கியூனி உட்கார்ந்திருந்தது வேறொரு வரவேற்பறையில். அழைத்துப்போக வந்தவர் 'கய்' யாரென்று கேட்க, நம்மவர் எழுந்தார். நேரே லைவ் நாற்காலி!

நிபுணர் என்று அறிமுகம் செய்ததும் கோமாவின் கண்கள் விரிந்தன. வாய் திறந்து மூடியது. தீர்ப்பு ஆச்சரியம் தந்ததா என்று கேட்டார் அறிவிப்பாளர். ரொம்ப ஆச்சரியம், எதிர்பார்க்கவே இல்லை என்றார் கோமா. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிறகு சுதாரித்து, இனி ஜனங்கள் இணையத்திலிருந்து நிறைய இறக்கிக்கொள்வார்கள் என்று ஏதோ சமாளித்தார். நிஜ கியூனி வரவேற்பறைத் திரையில் தன் இடத்தில் வேறொருவரைப் பார்த்துத் திகைத்துப்போனார். அதன்பின் நிஜ வேலை நேர்காணலும் நடந்தது. கோமாவுக்கு வேலை கிடைக்கவில்லை.

"பிபிசியிலேயே சொதப்பல் நடக்குது" என்று முடித்தேன். மனைவி அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தாள். "தனக்குத் தெரியாதுன்னு அந்த மனுஷன் முகமாவது சொல்லுது. உங்க முகத்துல அதுகூட இல்லையே!"

சுருக்கென்றது. அடுத்த வாரம் அதே தெருமுனையில் அதே மைக், இம்முறை பெட்ரோல் விலை பற்றி. "எனக்கு வண்டியே இல்ல தம்பி, ஒண்ணும் தெரியாது" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

இரவு பத்து மணிவரை செய்தி பார்த்தோம். நான் வரவில்லை. என் இடத்தில், பின்னால் நின்றிருந்த மாவுக்கடைக்காரர் சர்வதேசக் கச்சா எண்ணெய்ச் சந்தையை விளக்கிக்கொண்டிருந்தார். கீழே 'பொதுமக்கள்'.