சுல்தான் கூடுதலாகப் போட்ட குளிசை

1344ஆம் ஆண்டு புத்தளக் கரையில் ஒரு மனிதர் வந்து இறங்கினார். பெயர் இப்னு பதூதா. பிறந்த ஊர் மொரோக்கோவின் தான்ஜியர். தொழில் ஊர் சுற்றுவது. உபதொழில் போகிற ஊரிலெல்லாம் கலியாணம் முடிப்பது. மாலைதீவில் காதியாராக இருந்தார். ஜும்மாவுக்கு வராதவர்களுக்கு அடி வாங்கிக் கொடுத்தார். பெண்களுக்கு மேல்சட்டை போட்டுவிடப் பார்த்துத் தோற்றார். கடைசியில் அரண்மனை அரசியலில் மாட்டிக்கொண்டு, மனைவியரை விவாகரத்துச் செய்துவிட்டுக் கப்பலேறினார். அவர் போக நினைத்தது, அரபிகள் மாபர் என்று சொன்ன எதிர்க்கரைத் தமிழ்நாட்டுக்கு. காற்றுக்கு அந்த விவரம் தெரியாது. புத்தளத்தில் கொண்டுவந்து தள்ளியது.

பிற்காலத்தில் தன் பயணக் கதையைச் சொல்லி எழுதுவித்தபோது, மாலைதீவைப் பற்றி ஒரு செய்தியை அவர் அடக்கி வாசிக்கவில்லை. அந்தத் தீவுகளின் தேங்காய்ப் பண்டங்களுக்கும் மீனுக்கும் கட்டில் விஷயத்தில் ஈடு இணையற்ற சக்தி உண்டாம். ஆதாரம்? அவரேதான். நாலு மனைவியர், அதற்கு மேல் அடிமைப் பெண்கள். தினமும் ஒருவர் விடாமல் எல்லோரையும் போய்ப் பார்ப்பாராம், இரவு யாருடைய முறையோ அங்கே தங்குவாராம், ஒன்றரை வருடம் இப்படியே நடந்ததாம். நாலு மனைவியரில் ஒருவரிடமாவது யாரும் வாக்குமூலம் எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் சாட்சி கேட்ட காதியார், தன் வழக்கில் மட்டும் சாட்சியில்லாமலே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அந்த மீன் வேறெதுவுமில்லை, நம் மாசி. சூரை மீனைத் துண்டாக்கி, அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்தால் விறகுக்கட்டையாகிவிடும். உரலில் இடித்துத்தான் சம்பலுக்குள் இறக்க வேண்டும். பதூதா இந்தப் புதினத்தைப் புத்தளத்தில் யாரிடமாவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் எழுதாமல் விட்ட இடத்தை நாம் நிரப்பிக்கொள்வோம். தோணிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “தேங்காயும் மாசியுமா, காதியாரே? அதை நாங்க காலையில ரொட்டியோட தின்றோமே. எங்களுக்கு நெஞ்செரிவுதான் வருது” என்றிருப்பார். இலங்கை முழுக்கத் தேங்காய்ச் சம்பலில் மாசி இடித்துப் போட்டுத்தான் சாப்பிடுகிறது. பதூதாவின் கணக்குச் சரியென்றால் இந்தத் தீவில் பாமசி நடத்துபவர்கள் பட்டினி கிடந்திருக்க வேண்டும்.

புத்தளத்தில் அப்போது இருந்தவர் ஆரியச் சக்கரவர்த்தி. மரத்தால் மதிலும் கோபுரங்களும் கட்டிய ஊர்; கரையெல்லாம் ஆறு அடித்துக் கொண்டுவந்த கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தன. இந்த அரசர் பொல்லாதவர் என்று கப்பல்காரர்கள் கரை சேரவே பயந்தார்கள். பதூதா மட்டும் தைரியமாக இறங்கி, “நான் மாபர் சுல்தானின் சகலன்” என்று உறவுச்சீட்டை நீட்டினார். சீட்டு செல்லுபடியானது. அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது. முத்துக்குளிப்பில் வந்த முத்துக்களைக் காட்டி, இப்படி எங்காவது கண்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்பதைத் தவிர வேறு பதில் சொல்லும் விருந்தாளி எந்த அரண்மனையிலும் இரண்டாம் நாள் சாப்பிட்டதில்லை. பதூதாவுக்கு முத்தும் கிடைத்தது, பாவாத மலைக்குப் போகப் பல்லக்கும் துணைக்கு யோகிகளும் கிடைத்தார்கள்.

மலை ஏறி இறங்கி, மறுபடி புத்தளம் வந்து, கப்பலேறி, எதிர்க்கரையில் கப்பல் உடைந்து, ஒருவழியாகச் சகலன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். மதுரை சுல்தான் கியாதுத்தீன் தம்கானி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். சுல்தான் கொடூரமானவர், பிடிபட்டவர்களைக் கழுவேற்றி, அவர்களின் மனைவி மக்களையும் கொன்றதைக் கண்டு சகலனே அருவருத்து எழுதியிருக்கிறார். சந்தித்த கையோடு இருவரும் போட்ட திட்டம், மாலைதீவின்மேல் படையெடுப்பது. மாசி எங்கே கிடைக்கும் என்று பதூதா வாயை விட்டிருப்பாரோ என்னவோ.

படை கிளம்பவில்லை. அதற்குள் ஒரு யோகி சுல்தானுக்கு ஆண்மைக்கென்று குளிசை உருட்டிக் கொடுத்திருந்தார். உள்ளே இரும்புத்தூள் இருந்ததாகப் பேச்சு. சுல்தான் சொன்ன அளவோடு நிறுத்தவில்லை. ஒன்று நல்லதென்றால் நாலு மிக நல்லது என்ற, சுல்தான்களுக்கும் சாமானியருக்கும் பொதுவான கணக்கில் அள்ளிப் போட்டார். நோயில் விழுந்தார். மதுரை போய்ச் சேர்ந்தபோது ஊரில் கொள்ளை நோய்; குடும்பத்தைக் கொண்டுபோனது; சிறிது காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். எதனால் செத்தார் என்று இன்று மரண விசாரணை வைக்க முடியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஆண்மைக் குளிசையை அளவுக்கு மேல் போட்டுப் படுத்தவர் என்று பெயர் எழுதி வைக்கப்பட்ட தமிழ்நாட்டு ஆட்சியாளர் இவர். கல்வெட்டில் இதையெல்லாம் வெட்ட மாட்டார்கள். சகலன் இருந்தால்தான் இப்படி வெளியே வரும்.

இந்தப் புத்தளக் கரை அன்றிலிருந்து இன்றுவரை ஊராரின் ஆண்மைக்குச் சரக்கு ஏற்றுகிறது. முத்தைச் சுட்டுப் பஸ்பமாக்கி ராஜாக்கள் நக்கினார்கள். முத்து என்பது கல்சியம் கார்பனேட். அது கிடந்த சிப்பியின் ஓட்டிலும் அதேதான். ஓட்டைத் தூக்கி எறிந்துவிட்டு முத்துக்கு மட்டும் பொன் கொடுத்தவர்களுக்கு, எழும்பியது என்னவோ செலவு மட்டும்தான்.

பிறகு கடலட்டை. கற்பிட்டிப் பக்கத்து வாடிகளில் போய்ப் பாருங்கள். அட்டையைக் கீறிக் குடலை எடுத்து, பெரிய சட்டியில் அவித்து, மணலில் புதைத்து வைப்பார்கள். தோலிலுள்ள சுண்ணாம்புப் படலம் இளகியதும் தோண்டியெடுத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து வெயிலில் பரப்புவார்கள். சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். அங்கே இதற்கு மரியாதை வரக் காரணம் உருவம். அத்தோடு தொட்டால் விறைக்கிற குணம். போதாததற்குச் சில இனங்கள் கோபம் வந்தால் வெள்ளையாகப் பிசின் நூலைப் பீய்ச்சும். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் பிடித்த அன்று கைக்கு நிறைய இருந்த அட்டை, காய்ந்து முடிந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கும் மிஞ்சாது. ஆண்மைக்கு அடையாளமாக இப்படி ஒரு பிராணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதைக் காய வைக்கும் இடத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பிடிக்கிற நம்மவர்கள் அதைத் தின்பதுமில்லை. விற்கிறவனுக்குச் சரக்கின் சங்கதி தெரியும்.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. மொரீசியசில் பிறந்த பிரௌன்-செக்கார் என்ற பெரிய உடலியல் பேராசிரியர், 1889இல், 72 வயதில், நாயினதும் கினிப்பன்றியினதும் விதைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதென்று பாரிஸில் அறிவித்தார். 1920களில் வொரொனொஃப் என்பவர் குரங்கின் விதையைச் சீவிப் பணக்காரக் கிழவர்களுக்கு ஒட்டினார். மாசியும் அட்டையும் விற்ற நாம் அவ்வளவு தூரம் போகவில்லை.

விஷயம் தெளிந்தது 1983இல், லாஸ் வேகாசில், சிறுநீரியல் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில். ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, ஹோட்டல் அறையிலேயே தன் உறுப்பில் மருந்தை ஊசியாக ஏற்றிக்கொண்டு, தொளதொளத்த விளையாட்டு உடையில் மேடைக்கு வந்தார். படங்களைக் காட்டி முடித்ததும், எழுச்சி சும்மா காமக் கற்பனையால் வந்ததல்ல என்று நிரூபிக்கக் காற்சட்டையை இறக்கினார். அதோடு நில்லாமல், தொட்டுப் பார்த்து உறுதி செய்யலாம் என்று சபைக்குள்ளும் இறங்கி நடந்தார். முன்வரிசையில் மாலை உடையில் இருந்த சீமாட்டிகள் அலறினார்கள். அலறலுக்கு நடுவே ஒரு உண்மை நிலைநாட்டப்பட்டது: எழுச்சி இல்லாமல் போவது குணத்தின் குறையோ குலத்தின் சாபமோ அல்ல, இரத்தக்குழாய் வேலை.

புத்தளத்தாருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். உப்பளத்தில் மடையைத் திறந்து நீரை விட்டு, பாத்தி நிறைந்ததும் மடையை அடைப்பதுபோல, உறுப்புக்குள் இரத்தம் வந்து நிறைந்து வெளிவழி அடைபட வேண்டும். ஆசை வந்தால் நரம்பு நைத்திரிக் ஒக்சைட் என்ற வாயுவை விடுகிறது. அது தசையைத் தளர்த்தி வழியைத் திறக்கிறது. சீனி வருத்தம் நரம்பையும் குழாயையும் ஒன்றாக அரிக்கிறது. பிரஷர், கொழுப்பு, சிகரெட் மூன்றும் குழாயைச் சுருக்குகின்றன. சாராயம் நரம்பைத் தூங்க வைக்கிறது. சில பிரஷர் குளிசைகளும் மனச்சோர்வுக் குளிசைகளும் காலை வாரும்; அதற்காக அவற்றைத் தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். கடனும் சண்டையும் பயமும் தனிக்கணக்கு. விடியற்காலை எல்லாம் ஒழுங்காக இருந்து இரவில் மட்டும் கைவிட்டால் பெரும்பாலும் மனசுதான் குற்றவாளி. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் 40 முதல் 70 வயது ஆண்களைக் கேட்டு 1994இல் வெளியிட்ட ஆய்வில் 52 வீதத்தினருக்கு ஏதோ ஓரளவில் இந்தச் சிக்கல் இருந்தது. மற்ற 48 வீதத்தினர் பதூதாவின் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடும்.

குளிசை வந்ததும் தற்செயல்தான். இங்கிலாந்தின் சான்ட்விச் ஊரிலிருந்த ஃபைசர் ஆய்வுகூடம் நெஞ்சுவலிக்கென்று சில்டெனாஃபில்லைச் செய்தது. நெஞ்சுக்கு அது பெரிதாக உதவவில்லை. 1990களின் தொடக்கத்தில் வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் என்ற பழைய சுரங்க ஊரில் சோதனைக்கு வந்த ஆண்கள், கொஞ்சம் நெளிந்துகொண்டு, வேறொரு பக்கவிளைவைச் சொன்னார்கள். 1998 மார்ச் 27ஆம் திகதி அமெரிக்கா அதற்கு வயாகரா என்ற பெயரில் அனுமதி கொடுத்தது. நைத்திரிக் ஒக்சைட்டின் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு அதே ஆண்டு நோபல் பரிசு.

சரி, இப்போது கியாதுத்தீன் உயிரோடு வந்து புத்தளத்தில் ஒரு கிளினிக் வாங்கில் நம்பர் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைப்போம். யோகியின் இடத்தில் ஒரு டொக்டரம்மா.

“ஐயாவுக்கு சீனி, பிரஷர் பார்த்தீங்களா?”

“நான் சுல்தான்.”

“அதுக்கும் பார்க்கணும். சிகரெட்?” புகையிலை அமெரிக்காவிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை, அந்த ஒரு பழி மட்டும் சுல்தான்மேல் இல்லை. “நெஞ்சு வருத்தத்துக்கு நாக்குக்கு அடியில வைக்கிற குளிசை ஏதாவது?”

இந்தக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. நாக்கடிக் குளிசையில் இருப்பது நைத்திரோகிளிசரின். நோபல் டைனமைட் செய்த அதே சரக்கு. 1896இல் நெஞ்சுக்கு அதையே டொக்டர் எழுதிக்கொடுத்தபோது விதியின் கேலியென்று நோபலே எழுதினார். அதுவும் நைத்திரிக் ஒக்சைட் வழியாகத்தான் குழாயைத் திறக்கிறது. அதோடு வயாகரா என்ற நீலக் குளிசையும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கும். ஆள் மயங்குவார், போகவும் கூடும். ஐசோசோர்பைட் குளிசைக்கும் இதே தடை. நீலக் குளிசை போட்டபின் நெஞ்சு வலித்தால் 1990 சுவசெரியவுக்கு அடித்து, வருகிறவர்களிடம் வெட்கப்படாமல் அதை முதலில் சொல்ல வேண்டும்.

மற்றதெல்லாம் டொக்டரம்மா விரல் மடக்கிச் சொல்வார். அளவு அவர் எழுதியது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. சில்டெனாஃபில்லை ஒரு மணித்தியாலம் முந்திப் போட வேண்டும்; புரியாணி வெட்டிவிட்டுப் போட்டால் தாமதமாகும். அதனால் வேலை செய்யவில்லையென்று இன்னொன்றைப் போட்டால், அங்கேதான் சுல்தான் புத்தி வேலை செய்கிறது. ஆசை இல்லாமல் குளிசை மட்டும் எதையும் எழுப்பாது. இதே வேலைக்கான இன்னொரு குளிசை ரடலாஃபில் என்றால் ஒன்றரை நாள்வரை உடம்பில் நிற்கும். புரொஸ்டேட் மருந்து எடுக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தலையிடி, முகச்சிவப்பு, மூக்கடைப்பு வரலாம். நாலு மணித்தியாலம் கடந்தும் இறங்காவிட்டால் பெருமைப்படாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பார்வையோ காதோ திடீரென்று போனாலும் அப்படியே.

“யோகியின் லேகியம்?” என்று சுல்தான் மெதுவாகக் கேட்பார். “மூலிகை மட்டும் என்று எழுதியிருக்கிறது.” மூலிகை மட்டும் என்ற பெயரில் விற்ற எத்தனையோ சரக்கை அமெரிக்க மருந்து நிர்வாகம் சோதித்து, உள்ளே அளவு சொல்லாமல் சில்டெனாஃபில் கலந்திருக்கக் கண்டிருக்கிறது. இரும்புத்தூள் போய் இது வந்திருக்கிறது. மறைக்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

இவ்வளவுக்கும் வியாபாரம் நடப்பது வெட்கத்தின் தயவில். பாமசியில் பார்த்திருப்பீர்கள். ஆள் வந்து இரண்டு பனடோல் வாங்குவார். பிறகு ஒரு சித்தாலேப. கடையில் ஆட்கள் குறையும்வரை பற்பசை விலை விசாரிப்பார். கடைசியில் கண்ணால் ஒரு சாடை. துண்டில்லாமல், கேள்வியில்லாமல், கடதாசியில் சுற்றிய ஒன்று கைமாறும். சொன்ன விலை கொடுப்பார். எண்ணிப் பார்க்கவும் நிற்க மாட்டார். சீனி இருக்கிறதா, பிரஷர் எவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. உறுப்பின் குழாய் இதயத்தின் குழாயைவிட ஒடுக்கம். அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். வருடங்கள் முந்தியே வந்த மாரடைப்பு எச்சரிக்கையை அவர் கடதாசியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

கிளினிக்கில் டொக்டரம்மா அந்தக் கேள்விகளைக் கேட்க அரை நிமிடம் போதும். பதில் சொல்ல மனிதனுக்கு எழுநூறு வருடம் போதவில்லை.