கூடுதல் பொறுப்பு வார்டனின் விளக்கம்

மகா கனம் பொருந்திய கல்லூரி நிர்வாகச் சபையாரவர்களுக்கு,

சென்ற செவ்வாயன்று ரோல் கால் 35 நிமிஷம் தாமதமானதற்கு விளக்கம் கோரித் தாங்கள் அனுப்பிய மெமோ, சிவப்புக் கோடிட்டபடி, கிடைக்கப்பெற்றேன்.

வாரத்தில் 16 மணி நேரம் பௌதிகம் போதிக்கும் அடியேனுக்கு, வேறு யோக்கியதை எதையும் விசாரியாமல், வளாகத்துக்குள் குடியிருக்கிறான் என்னும் ஒரே காரணத்தைக் கருதி, 320 மாணவர்கள் வசிக்கும் விடுதியைக் கூடுதல் பொறுப்பாக அருளினீர்கள். விடுதிக்கு முழுநேர வார்டன் வேண்டும், அவர் எந்நேரமும் அணுகத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டின் ராகிங் தடுப்பு விதிகளிலேயே எழுதிவைத்திருப்பது தாங்கள் அறியாததன்று. ஒரே தேகத்தில் இரண்டு முழுநேரங்கள் அடங்கும் என்ற தங்கள் சித்தாந்தம் பௌதிக சாஸ்திரத்துக்குப் புதிது என்பதை மட்டும் விநயத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதவியேற்ற அன்று ஏழு ரிஜிஸ்தர்கள் என் கைக்கு வந்தன. அவற்றுள் மெஸ் கணக்கே மகா காவியம். அரிசி, பருப்பு, எரிவாயு, சமையற்காரர் சம்பளம் யாவையும் கூட்டி, மாதக் கடைசியில் தலைக்கு இவ்வளவென்று பங்கிடும் டிவைடிங் சிஸ்டத்தில், பகாசுரனாய் உண்பவனும் பட்டினி கிடப்பவனும் ஒரே தொகை செலுத்துகிறார்கள். இதனினும் சிறந்த சமதர்மத்தை நான் கண்டதில்லை.

முதலாண்டு மாணவன் ஒருவன் ஒன்பது நாட்களாக இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ரோல் காலில் அவன் குரல் தவறாமல் ஒலித்தது. மெஸ் பில்லில் அவன் பங்கு பைசா குறையாமல் ஏறியது. ஆகவே ஏழு ரிஜிஸ்தர்களின்படியும் அவன் பரம சௌக்கியமாக இருந்தான். 'அந்தக் கண்ணாடி போட்ட தம்பி ஊருக்குப் போயிருக்குதா சார்?' என்று, ரிஜிஸ்தர் ஏதும் வைத்துக்கொள்ளாத, சாம்பார் ஊற்றும் அம்மாள் கேட்டபின்னரே நான் அவன் அறைக்கதவைத் தட்டினேன். தமிழில் படித்துப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை. இங்கே வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கு விடை சொல்லத் தடுமாறியதைக் கேட்டு நாற்பது பேர் சிரித்ததிலிருந்து, அந்த நாற்பது பேரோடு பந்தியில் உட்காரக் கூசினான். இதைச் சொல்ல அவனுக்கு அரைமணி நேரம் பிடித்தது. தாமதத்தின் பாக்கி ஐந்து நிமிஷம் மாடிப்படி இறங்குவதில் போயிற்று.

மாணவர் நலனில் தங்களுக்கு அக்கறையில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 2023-ல், மாணவர் தற்கொலையைத் தடுக்கவென்று, கோட்டா நகரத்து விடுதிகளின் மின்விசிறிகளுக்கு ஸ்பிரிங் பொருத்தும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்ட செய்தியைக் கத்தரித்து, 'ஆவன செய்க' என்று குறிப்பெழுதி அனுப்பியவர்கள் தாங்களே. ஸ்பிரிங்கின் விலையை விசாரித்து எழுதினேன். அதே கடிதத்தில் மனநல ஆலோசகர் ஒருவரை நியமிக்கக் கேட்டிருந்த வரி, அச்சுப் பிழையென்று கருதப்பட்டது போலும்.

அந்தப் பையன் இன்றிரவும் பேச வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆகையால் இன்றைய தாமதத்துக்குரிய மெமோவையும் இப்பொழுதே தயாரித்து, இக்கடிதம் கொண்டுவரும் பியூன் கையிலேயே கொடுத்தனுப்பினால், அவன் கால்நோவாவது மிச்சமாகும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்,
பௌதிக விரிவுரையாளன், வார்டன் (கூடுதல் பொறுப்பு)