மணிக்கு முப்பது டாலர்

அமெரிக்காவில் காராஜ் என்பது கார் நிறுத்தக் கட்டப்பட்டு, கார் தவிர மற்றதெல்லாம் நிற்கிற இடம். அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்துக் காராஜ் ஒன்றில் ஞாயிறு காலையில் எட்டிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருவர் நிற்பார். வயது அறுபதை ஒட்டி. பெயர் எதுவாகவும் இருக்கட்டும், ஆள் ஒரே ஆள்தான். சுட்டுப் போட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, மறுபடி மருந்தடைத்துப் புதுத் தோட்டாவாக்குகிறவர். நம்மூரில் இந்த வேலையில் இறங்கினால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வாசலில் வந்து நிற்கும். அங்கே சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசு லைசென்ஸ் கேட்பதில்லை. செய்து விற்றால்தான் லைசென்ஸ்.

மனிதர் ஒரு யோசனையில் இருக்கிறார். மூன்று வருஷமாக இருக்கிறார். தோட்டா அடைக்கும் கை இயந்திரமான பழைய பிரஸ்ஸையே வைத்துக்கொள்வதா, புதிதாக வேகமானது வாங்குவதா?

பழையது பச்சை. கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில் (நம் ஆரோவில் இல்லை, அங்கே துப்பாக்கி ஆகாது) 1943-இல் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் தன் அப்பாவின் சலவைக்கடைப் பின்னறையில் ஆரம்பித்த கம்பெனியுடையது. யுத்த காலத்தில் குண்டு கிடைக்கவில்லை. ராக் சக் என்கிற, பாறை இடுக்கில் வாழும் கொழுத்த அணில் ஜாதிப் பிராணியைச் சுடுவதற்கு அவரே குண்டு செய்ய ஓர் அச்சு பண்ணிக்கொண்டார். ஆர்.சி.பி.எஸ். என்ற கம்பெனிப் பெயரில் முதல் இரண்டு எழுத்தும் அந்தப் பிராணிதான். புதியது நீலம், பக்கத்து ஸ்காட்ஸ்டேலைச் சேர்ந்த டில்லன். விஸ்கான்சினிலிருந்து வரும் இன்னொரு கம்பெனி லீ, சிவப்பு. நம்மூரில் கரைவேட்டியைப் பார்த்துக் கட்சி சொல்வதுபோல், மேஜையில் இருக்கும் நிறத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள்.

பச்சை பிரஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். அடிபம்பு மாதிரி நெம்புகோலை ஒரு தரம் அழுத்தினால் கூடு பழைய உருவத்துக்கு வரும், செத்துப்போன பிரைமர் கீழே விழும். தீபாவளித் துப்பாக்கியில் போடுகிற கேப்புக்கு அண்ணன் இந்த பிரைமர். ஐம்பது கூட்டுக்கும் இதைச் செய்து முடித்த பிறகு அடுத்த வேலை, வேறு அச்சு. மருந்தைத் தராசில் கிரெய்ன் கணக்கில் நிறுக்க வேண்டும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம் தாத்தாக்கள் தங்கம் வாங்கிய தோலா 180 கிரெய்ன் என்பதாலோ என்னவோ, அப்போது மனிதரின் முகம் நகைப் பட்டறை முகம் ஆகிவிடும். மூச்சுக்காற்று பட்டால்கூடத் தட்டு ஆடும்.

பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். பணியாரக் கல் மாதிரி ஐம்பது குழிப் பலகை, குழிக்கொரு மருந்து கொட்டிய கூடு, வாய் மேலே பார்த்து. கையில் சின்ன டார்ச். குனிந்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். மருந்து விழாத தோட்டா வெடித்தால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். இரட்டை மருந்து விழுந்தால் துப்பாக்கியே கையோடு போகும். ஆகவே ஐம்பதையும் பார்ப்பார். கடைசிக் கூடு முடிந்ததும் முதல் வரிசை சந்தேகமாக இருக்கும். மறுபடி பார்ப்பார்.

நீல பிரஸ் குடை ராட்டினம். தட்டு சுற்றச் சுற்ற ஒரு நிறுத்தத்தில் பிரைமர், ஒரு நிறுத்தத்தில் மருந்து, ஒரு நிறுத்தத்தில் குண்டு. நெம்புகோலின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா கலகலவென்று தொட்டியில் விழும்.

அட்டைப்பெட்டி மூடியில் கணக்குப் போடுகிறார். கடையில் வாங்குவதைவிடத் தோட்டாவுக்குப் பத்து சென்ட் மிச்சம். இரண்டு வாரத்துக்கு 200 தோட்டா என்றால் 20 டாலர். ஆனால் இந்த மிச்சம் பழைய பிரஸ்ஸிலேயே வருகிறதே? புதியது மிச்சம் பண்ணப்போவது நேரத்தை மட்டும். சரி, நேரத்துக்கு விலை போடு: மணிக்கு 30 டாலர். பழையதில் நாலு மணி நேரம், புதியதில் அரை மணி. மூன்றரை மணி மிச்சம், அதாவது 105 டாலர். இயந்திரமும் அதன் துணைச் சாமான்களும் 1050 டாலர் என்று வைத்தால், பத்தே தடவையில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்! பேனாவை மூடியின்மேல் டக்கென்று வைக்கிறார்.

காப்பி கொண்டுவந்த மனைவி அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதுகிறாள். மணிக்கு 30 என்றால், பழைய பிரஸ்ஸில் 20 டாலர் மிச்சம் பிடிக்க இத்தனை நாளாக 120 டாலர் செலவாகியிருக்கிறது.

“அது வேறு. அது பொழுதுபோக்கு” என்கிறார்.

“பொழுதுபோக்கு சீக்கிரம் முடிய ஆயிரம் டாலரா?”

இதற்கு அவரிடம் பதில் இல்லை. 2020, 21-இல் நாடு முழுக்க பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது இவ்வளவு கஷ்டப்படவில்லை. கடை அலமாரி காலி, யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நிம்மதி திரும்ப வரவேயில்லை.

டார்ச்சை எடுத்துக் குழிப் பலகைமேல் குனிகிறார். நாலாவது வரிசையில் நிற்கிறது வெளிச்சம். ஒரு கூடு காலி.

“பார்த்தாயா! அந்த மெஷினாக இருந்தால் இது தெரிந்திருக்குமா?”

“அப்போ வேண்டாம் என்று முடிவாகிவிட்டது?”

“அப்படி யார் சொன்னது? மருந்து விழாவிட்டால் சத்தம் போடுகிற கருவி ஒன்று தனியாக விற்கிறான்” என்று சொல்லிக்கொண்டே, அவர் அட்டை மூடியை மறுபக்கம் திருப்புகிறார்.