பேட்டரியை மாத்திடுங்க சார்

தை மாதம் ஹஸ்த நட்சத்திரத்தன்று வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வானைச் சேவிக்கக் காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்துக்குப் போய்வந்த இந்தக் கட்டுரைக்காரருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கோபம் கார்மேல் இல்லை. வழியிலேயே டாஷ்போர்டில் சிவப்பாகப் பேட்டரிப் படம் எரிந்தது. கோயில் தெருவில் வண்டியை அணைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரும்பும் செம்புமாகச் செய்த சாமான் ஒருநாள் பழுதாகும், மன்னித்துவிடலாம். பானெட்டைத் திறந்ததும் கூடிய கூட்டத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கூரத்தாழ்வானின் மாளிகைக் கதவை இரவில் சாத்தும் ஓசை காஞ்சி வரதராஜப் பெருமாள் வரைக்கும் கேட்டது, அதற்கு வெட்கித்தான் அவர் செல்வத்தை உதறிவிட்டுத் திருவரங்கம் போனார் என்று வைணவ மரபு சொல்லும். இந்த ‘டக்’ வரதர்வரை எட்டியிருக்காது. நாலு தெருவுக்கு எட்டிவிட்டது.

எந்தப் பாகம் பழுது என்பதைக் கடைசியில் சொல்லலாம். முதலில் ஆலோசகர்கள்.

முதல் தீர்ப்பு டீக்கடை பெஞ்சிலிருந்து வந்தது. தீர்ப்பளித்தவர் எழுந்திருக்கவுமில்லை, காரைப் பார்க்கவுமில்லை. “பேட்டரி பூடிச்சி சார், மாத்திடுங்க.” அடுத்தவர் ஸ்பேனரால் டெர்மினலைத் தட்டினார், தட்டிவிட்டு, தட்டியதற்கே வண்டி எடுத்துவிடும் என்பதுபோல நம்மைப் பார்த்தார். இன்னொருவர் சுடுதண்ணி கேட்டார். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி கரையும் என்பது உண்மைதான். ஆனால் அவர் கொண்டுவரச் சொன்ன அளவுக்குக் குளிக்கவே செய்யலாம். நாலாமவர் “ஹார்ன் அடிங்க” என்றார். அடித்தால் தலையாட்டினார். எதற்கு என்று சொல்லவில்லை. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து தள்ள, செகண்ட் கியரில் போட்டுக் கிளச்சை விட்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. நன்றி சொல்லி முடிப்பதற்குள் வந்தார் ஐந்தாமவர்.

“மைனஸைக் கழட்டுங்க சார். வண்டி நிக்காம ஓடுச்சின்னா டைனமோ நல்லாருக்கு.”

கழற்றக் கை நீண்டேவிட்டது. கட்டுரைக்காரர் குறுக்கே பாய்ந்தார். ஆல்டர்னேட்டர் வைத்த காரில் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் மின்னழுத்தம் ஒரே எகிறாக எகிறும். அதை வாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாததால் டயோடும் காரின் கம்ப்யூட்டரும் போய்விடக்கூடும். டைனமோ காலத்து அம்பாசடரில் அந்த வித்தை செல்லுபடியாயிருக்கலாம். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. வித்தைதான் நிற்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பட்டுத் தறிக்காரரும் இருந்தார். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும். ஒன்று அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு நெசவைத் தொடருவார்கள் இவர்கள். கோர்வையில் கரையும் உடலும் சேருமிடம் பிசகினால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்வார்கள். ஓர் இழைக்காகப் பாவையே வெட்டி எறியச் சொன்னால் அடிக்க வருவார்கள். அப்படிப்பட்டவர் அருகில் வந்து, அன்பாகத் தோளைத் தொட்டு, “பேட்டரிய மாத்திடுங்க சார்” என்றார்.

அந்தச் சிவப்புப் படம் பேட்டரி செத்ததைச் சொல்வதில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்கிறது. பெல்ட் லூசாகியிருக்கலாம், எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டரோ டயோடோ போயிருக்கலாம். பழைய மாடல்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை எழுப்புவதே அந்தச் சிவப்பு விளக்கு வழியாகப் போகும் மின்சாரம்தான்; பல்பு பியூஸ் போனால் சார்ஜும் ஏறாது, எச்சரிக்கையும் வராது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் புதுப் பேட்டரி வாங்கினால், கடைக்காரர் ஏற்றித் தந்த சார்ஜ் இருக்கிறவரை வண்டி ஜோராக ஓடும். பிறகு அதுவும் ‘டக்’.

கூரத்துக்கு வாகனச் சங்கதி புதிதல்ல. இங்கே கிடைத்த ஏழாம் நூற்றாண்டுச் செப்பேட்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் யானை அரிவாரணம், குதிரை அதிசயம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அதிசயத்துக்குச் செல்ஃப் மோட்டார் கிடையாது. அந்தத் தொல்லை 1912இல் காடிலாக் காரோடு வந்தது. சார்லஸ் கெட்டரிங் செய்த செல்ஃபுக்கு முன்னால் எல்லோரும் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார்கள். சிலருக்குக் கை முறிந்தது. ஆனால் கைப்பிடி சுற்றுகிறவனை யாரும் பேட்டரி மாற்றச் சொல்லவில்லை.

கட்டுரைக்காரர் டிக்கியிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். சில நூறு ரூபாய்ச் சாமான். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த காரில் 12.1 காட்டி, இறங்கிக்கொண்டும் இருந்தது. கூட்டம் அமைதியாயிற்று. இனிமேல்தான் பெல்ட்டைப் பார்க்க வேண்டும், கட்டுரைக்காரர் குனிந்தார்.

“சார், அந்த மிஷின கொஞ்சம் நம்ம பைக்குல வச்சிப் பாருங்களேன்.”

ஸ்பிளெண்டர் 12.7 காட்டியது. அதன் சொந்தக்காரர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உடனே ஒரு டிவிஎஸ் 50 வந்தது. யாரோ வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வரப் பையனை அனுப்பினார்கள். காரை அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும், அணைக்காவிட்டால் பெட்ரோல் போகிறது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹார்ன் அடித்தது. வழி கேட்கிறார் என்று நினைத்து ஒதுங்கினால், அவரும் வரிசையில்தான் நிற்கிறார்.