மினி பஸ்ஸும் மேகாத்தும்: பெயின்ட் கூண்டு குறித்த ஓர் ஆராய்ச்சி

ஃபோம் ஷீட்டை அறுத்து ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு டவுன் பஸ் செய்யும் பிள்ளைகள் கோவையில் உண்டு. ஏணி, வைப்பர், பின்பக்கத்து 'ஒலி எழுப்பவும்' வரைக்கும் பிசகாது. ஆனால் அந்த பஸ்ஸுக்கு ஸ்ப்ரே அடிக்கையில் கிளம்பும் புகை எங்கே போகிறது என்று புலவர் பாடவில்லை, கல்வெட்டும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே இவ்வாராய்ச்சி.

முதலில் தொன்மை. அது இல்லாமல் ஆராய்ச்சிக்கு மரியாதை கிடையாது. நொய்யல் கரைக் கொடுமணலை 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது இரும்புருக்கு உலைகளின் தடயங்களும் சுடுமண் ஊதுகுழாய்த் துண்டுகளும் கிடைத்தன. ஆக, காற்றை ஊதுவதில் கொங்கருக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். உறிஞ்சுவதில்தான் இடறுகிறோம். முன்னதை 'ஊதுமரபு', பின்னதை 'உறிஞ்சுமரபு' என்று பெயரிட்டிருக்கிறேன். இதுவரை மறுப்பு எதுவும் வரவில்லை, படித்தவரும் இல்லை.

பஸ்ஸை உள்ளே வைத்து ஸ்ப்ரே அடிக்கும் கூண்டுக்குத் திருப்பூர் பனியன் வரும் அட்டைப்பெட்டியே உத்தமம். முன்பக்கம் திறப்பு, பின்பக்கம் விசிறி, அதிலிருந்து வெளியே ஒரு புகைக்குழாய். மீன் கடைத் தெர்மாகோல் பெட்டி இன்னும் உறுதி என்று நம்பி நான் செய்த முதல் கூண்டு, தின்னர் பட்ட இடமெல்லாம் உருகி, புகையை விடுத்துத் தன்னைத்தானே வெளியேற்றிக்கொண்டது. வடிகட்டிக்கு ஏர் கூலரில் வைக்கும் தென்னை நார் மெத்தை போதும். பொள்ளாச்சி பக்கத்தில் இருக்கையில் வேறெங்கே தேடுவது? நார் துளியைப் பிடிக்கும், வாசத்தைப் பிடிக்காது. பெயின்ட் ஏறிக் காய்ந்த நார் அடுப்புக்கு உகந்த பொருள் என்பதால் அடிக்கடி மாற்றிவிட வேண்டும்.

இனி கணக்கு. கூண்டின் வாயில் காற்று நிமிடத்துக்கு 100 அடி நகர வேண்டும் என்பது பெயின்ட் அறைகளின் நெடுநாள் வழக்கு. வாய் 2 அடிக்கு 1 அடி என்றால் நிமிடத்துக்கு 200 கன அடி. விசிறிப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அது தடையில்லாக் காற்றுக்கான எண். நாரும் குழாயும் இரண்டு வளைவும் சேர்ந்தால் கல்யாணச் செலவுக் கணக்கைப் போலத்தான் ஆகும், திசை மட்டும் தலைகீழ்.

கோவைக்காரரின் தன்மானத்தைச் சுடும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் 1937இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் இங்கேதான் உருவானது. மோட்டாரால் பிழைக்கும் ஊர் இது. அந்த மோட்டார் தின்னர் ஆவி போகும் வழியில் உட்காரக்கூடாது. ஒரு பொறி போதும். சாதாரண எக்ஸாஸ்ட் விசிறியிலோ மோட்டார் நட்டநடுவில் இருக்கிறது. தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் மட்டும் அடிப்பவர் அதோடு நிம்மதியாக இருக்கலாம். தின்னர் விரும்பிகள் ஃபவுண்டரிகளில் உள்ளதுபோல் மோட்டார் வெளியே நிற்கும் ப்ளோயரைத் தேடட்டும். அதற்குள் செலவு கைமீறிவிடும், கட்டுரைத் தலைப்பில் 'மலிவு' என்று நான் போடாததற்கு அதுவே காரணம்.

இவ்வாராய்ச்சியின் தலையாய முடிவு திசை பற்றியது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அதன் வழியே மேற்கிலிருந்து வரும் மேகாத்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மேற்கே பார்த்த என் புகைக்குழாயையும் விடவில்லை. விசிறி தள்ளிய பச்சைப் பெயின்ட் போன வழியே திரும்பி வந்து, டவுன் பஸ்ஸோடு என் மூக்குக்கும் ஒரு கோட் அடித்தது. வாஸ்துக்காரர் யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன்: குழாய் கிழக்கே பார்க்கட்டும்.

பார்க்க வைத்தேன். மறுநாளே கிழக்கு வீட்டு ஆத்தா மதில்மேல் தலை நீட்டினார்.

"ஏங்கண்ணு, வடகமெல்லாம் பெயின்ட் வாசமடிக்குதே, உங்கூட்ல என்ன வேல நடக்குது?"

"ஆராய்ச்சிங்காத்தா."

"அதைய அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சு ஆராய்ச்சி பண்ணு சாமி."

ஐப்பசி வரை தவணை கேட்டேன். காத்து திரும்பிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியதும் வாக்குத் தவறாமல் குழாயை மேற்கே மாற்றினேன். அன்றைக்கு மேற்கு வீட்டு மொட்டை மாடியில் தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.